கேமராவில் ஆசாமி சிக்கினான், முகம் சிக்கவில்லை!

ஸ்ரீபெரும்புதூர்-

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை கம்பெனிக்குக் கம்பெனி, கடைக்குக் கடை கண்காணிப்பு கேமரா. ஆனாலும் ஷிப்டு முடிந்து வந்தால் பைக்கைக் காணோம். பதிவைப் போட்டால் ஆசாமி தெரிகிறான். முகமும் நம்பரும் தெரியவில்லை.

"சார், கொஞ்சம் பெரிசு பண்ணுங்களேன்!"

சினிமாவில் நடக்கும். நிஜத்தில்?

2 மெகாபிக்சல் கேமரா படத்தில் குறுக்கே 1,920 புள்ளி. 20 மீட்டர் அகலத்தைப் பார்த்தால், 20 சென்டிமீட்டர் நம்பர் பிளேட்டுக்கு 19 புள்ளிதான்! வெளிச்சம் கூட்டலாம். பதியாத எழுத்தை வரவழைக்க முடியாது.

கம்ப்யூட்டர் போட்ட முகம்

2020-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய புரோகிராமில் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார்கள். வந்தது யாரோ வெள்ளைக்காரர் முகம்! இதை நம்பி ஆளைப் பிடித்தால் நிரபராதிதான் கம்பி எண்ணுவார்.

நுங்கம்பாக்கத்தில்...

மங்கல் படம் வீண் என்று அர்த்தமில்லை. 2016 ஜூன் 24-ந்தேதி நுங்கம்பாக்கம் ரெயில் நிலையத்தில் இளம்பெண் என்ஜினீயர் வெட்டிக் கொல்லப்பட்டார். நிலையத்தில் கேமராவே இல்லை. பக்கத்துக் கட்டிட கேமராக்களில் விழுந்த உருவத்தோடு போலீசார் வீடு வீடாக விசாரித்தார்கள். ஒரு வாரத்தில் வாலிபர் ஒருவர் கைதானார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே சிறையில் இறந்தார்.

என்ன செய்யலாம்?

அதே கேமராவை 4 மீட்டர் அகல வாசலுக்கு மட்டும் திருப்புங்கள். பிளேட்டுக்கு 96 புள்ளி! விளக்கு போடுங்கள், கண்ணாடியைத் துடையுங்கள். திருட்டு நடந்தால் ஒரிஜினல் பதிவை உடனே எடுத்து வையுங்கள். தாமதித்தால் புதிய பதிவு அதை அழித்துவிடும்.

படத்தைப் பிறகு திருத்த முடியாது. கேமராவை இன்றைக்கே திருத்தலாம்!