சூரன் தனக்குத் தானே பேசியது

பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் வசனம் கேளாத ஊர் தூத்துக்குடி ஜில்லாவில் அரிது. 1959-ல் திரைப்படம் வெளிவந்த நாள் முதலாகச் சிறுவர்கள் ஒட்டு மீசையுடன் மேடையேறி அதை முழங்கி வருகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சி மண்ணுக்கு அது பெருமையே. ஆனால், "எதிரே நிற்கும் ஜாக்ஸன் துரையின் மனத்தில் என்ன ஓடுகிறது? உன் சொல் எங்கே அவனைச் சுடுகிறது?" என்று கேட்டால் எத்தனை பிள்ளைகள் விடை கூறுவார்கள்? தொண்டையைப் பழக்கும் நாம் சிந்தையைப் பழக்கவில்லை.

இக்குறை தீர்க்கும் பாடம் திருச்செந்தூரிலேயே உண்டு. கந்த சஷ்டியன்று கடற்கரையில் கூடும் ஜன சமுத்திரத்தின் நடுவே சூரன் தலை மாற்றித் தலை மாற்றி வருகிறான். அங்கே அவன் பேசுவதில்லை. அவன் பேச்சைக் கேட்கக் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தைத் திறக்க வேண்டும். போர்க்களத்தில் முருகன் பேருருவம் காட்டியதும், பாலனென்று இகழ்ந்த தன் பேதைமையைச் சூரன் உணர்கிறான். உடல் வணங்கத் துடிக்கிறது, மானம் தடுக்கிறது. பேருருவம் மறைந்ததும் பழைய பகை மீளுகிறது.

இதைக் கூச்சலிட்டுச் சொல்ல இயலுமா? உபாத்தியாயர் முதலில் அபிநயமின்றி வாசிக்கச் செய்யட்டும். அவன் யாரிடம் பேசுகிறான், எதை விரும்புகிறான், எச்சொல்லில் மனம் திரும்புகிறது என்று மாணாக்கனே குறிக்கட்டும். பிறகு மேடையேறினால், கும்பிட எழுந்த கை பாதியில் நிற்க வேண்டிய இடம் அவனுக்கே புலப்படும். அந்தக் கை நிற்பதே நடிப்பு.

இது நமக்குப் புதிய வித்தையன்று. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், இரணியனாகவும் இராவணனாகவும் தாமே வேடமிட்டவர். நாடகங்கள் பல எழுதிய அப்பெரியார் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைப் பழக்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே. அவர் பிறந்த ஜில்லாவின் பள்ளிகளில் நாடகம் ஆண்டுக்கொரு நாள் வேடிக்கையாகச் சுருங்கியிருப்பது நியாயமா?

இது கலையைப் பற்றிய கவலை மட்டுமன்று. நம் தேசத்தின் அரசியல் மேடைப் பேச்சால் நடப்பது. ஒரு பேச்சைப் பிரித்துப் பார்க்கக் கற்ற சிறுவன், நாளை மைதானத்தில் ஒருவர் முழங்கும்போது, "இவர் யாரிடம் பேசுகிறார், எதை விரும்பிப் பேசுகிறார்?" என்று கேட்பான். கற்காதவன் கை மட்டுமே தட்டுவான். அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் உபாத்தியாயர்கள் இதைச் சிந்திப்பார்களாக.