உம்மும்மாவின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?

 

உங்கள் வாப்பாவின் வாப்பா எந்த ஊரில் பிறந்தார்? உம்மாவின் உம்மாவுக்கு என்ன பெயர்? இன்றிரவு சாப்பாட்டு வேளையில் வீட்டில் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குப் பலர் "உம்மும்மா என்றுதான் கூப்பிடுவோம்" என்பார்கள். பெயர் தெரியாது!

புசல்லாவையைத் தாண்டி நுவரெலியாவுக்குப் போகும்போது இறம்பொடையில் வாகனத்தை நிறுத்தி, 109 மீற்றர் உயர நீர்வீழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருப்பீர்கள். அந்த மலைச்சரிவுகளில் முதலில் கோப்பிதான் இருந்தது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கிய பிறகு தேயிலை வந்தது. காட்டை வெட்டி இவற்றை வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த ஏழை மக்கள். கடை வைக்க வந்த நம் முன்னோர் பலரும் அதே கடலைத் தாண்டியவர்கள்தாம்.

இந்தக் குடும்பங்களின் வரலாறு எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தில் 1538ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறந்தது. ஒவ்வொரு கிராமத்துத் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும் என்பது அது. அதனால் அங்கே ஒரு சாதாரண விவசாயியின் பேரனும் பல தலைமுறைகளைத் தேடிப் பிடிக்கிறான். 1754 முதல் மணமகளும் திருமண ஏட்டில் கையொப்பமிட்டாள். எழுதத் தெரியாதவள் ஓர் அடையாளமாவது இட்டாள்.

நம் மலைநாட்டிலோ தோட்டத்துச் செக்ரோலில் பெயர் ஏறியது கூலிக்காக, குடும்பத்துக்காக அல்ல. துரைமாரின் கல்லறை வாசகங்களை 1913இல் பென்றி லூயிஸ் நூலாகத் தொகுத்தார். கொழுந்து பறித்தவளுக்குக் கல்லறையும் இல்லை, வாசகமும் இல்லை.

இது வெறும் பழங்கதையா? இல்லை, சகோதரிகளே!

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடமும் தந்தை இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். காகிதம் இல்லாதவர் நாடற்றவரானார். 1949இன் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது. உரிமை கிடைத்ததோ சுமார் 134,000 பேருக்கு மட்டுமே. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தங்கையும் கடலுக்கு இரு கரையிலும் பிரிந்தார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்தத் துயரம் முழுமையாகத் தீரவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் தந்தை வழியைத்தான் பார்த்தது. திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாய் இங்கே பிறந்தவள் என்பது கணக்கில் வரவில்லை. நமது 1951இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் பதிவில் மணப்பெண்ணின் கையொப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. ஏடுகள் பெண்ணை மறந்தன. நாமும் மறக்கலாமா?

கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொல்கிறது திருக்குர்ஆன். மக்களைக் கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று சூரத்துல் ஹுஜுராத் சொல்கிறது, பெருமையடிக்க அல்ல. உறவை அறியாமல் உறவைச் சேர்ந்து நடப்பது எப்படி?

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்று போதும். வீட்டில் மூத்த பெண்மணியிடம் உட்காருங்கள். அவரது முழுப்பெயர், தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், பிறந்த தோட்டம் அல்லது ஊர், கப்பலேறி வந்தவர் யார், யார் எந்த மையவாடியில் அடங்கியிருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். பிறப்பு, நிக்காஹ் பத்திரங்களில் பிரதி எடுத்து, மண்சரிவோ மழையோ தீண்டாத வேறொரு வீட்டிலும் ஒரு கட்டு வையுங்கள். பெயர் எழுத்துப் பிழையாக இருந்தால் இன்றே திருத்த முயலுங்கள். நாளை உங்கள் பேத்திக்கு அது தேவைப்படலாம்.

நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உம்மும்மா இன்று பேசுகிறார். அவர் மௌத்தானால் அவரோடு ஓர் ஏடே மண்ணுக்குள் போய்விடும்.

வஸ்ஸலாம்.