ஓவிய ஆசிரியர் மாநாடு

மாநாடு என்றவுடன் நம் நினைவிற்கு வருவன யாவை? உயர்ந்த மேடை, ஒலிபெருக்கி, வரவேற்புரை, நன்றியுரை, இடையிடையே கைதட்டல் ஆகியவையே. சிலர் பேசுவர், பலர் கேட்டிருப்பர். ஓவிய ஆசிரியர்கள் கூடும் மாநாடோ இதனின்றும் சற்று வேறானது. அங்கும் சொற்பொழிவுகள் உண்டு. அவற்றுட் சில மிக நீளமாகவும் இருக்கும். ஆயினும், வந்தோரின் நாட்டமெல்லாம் அடுத்த அறைகளில் நிகழும் பட்டறைகளின் மேலேயே இருக்கும். அங்கே நரைத்த தலையினர் சிலர் முழங்கைவரை களிமண் படிய அமர்ந்திருப்பர். வேறு சிலர் கண்ணாடிப் பலகையில் மை தடவி, அதன்மேல் தாளை அழுத்திப் படியெடுத்துக்கொண்டிருப்பர். ஆண்டு முழுவதும் பிறர்க்குக் கற்பிப்போர் அங்கே தாமே மாணவராகிவிடுகின்றனர்.

பல நாட்டு ஆசிரியர் இவ்வாறு ஒன்றுகூடும் வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் புத்துயிர் பெற்றது. போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1943-ஆம் ஆண்டில், ஆங்கில அறிஞர் ஹெர்பர்ட் ரீடு என்பார், கலையே கல்விக்கு அடிப்படையாதல் வேண்டும் என்று வற்புறுத்தி ஒரு நூல் வெளியிட்டார். 1951-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரில் கலைக்கல்வி பற்றிய கருத்தரங்கு ஒன்றைக் கூட்டியது. அதன் பயனாகத் தோன்றியதே கலைவழிக் கல்விக்கான பன்னாட்டுக் கழகம். 1954-ஆம் ஆண்டு பாரிசு நகரில் அதன் முதற் பொதுப்பேரவை கூடியது. இன்றும் அக்கழகம் உலகின் பல நகரங்களில் மாநாடுகளை நடத்திவருகின்றது.

கற்றறிந்த ஆசிரியர்க்குப் பட்டறை எதற்கு என்று நீங்கள் வினவலாம். கரும்பலகையில் ஒரே இழுப்பில் யானையை வரைந்துவிடும் ஆசிரியர்க்கு, முதற்கோடு இடுமுன் சிறுவன் கொள்ளும் அச்சம் மறந்துபோயிருக்கும். “எனக்கு வரைய வராது” என்று அவன் சொல்லும்போது, அது வெறும் சோம்பல் என்றே அவர்க்குத் தோன்றக்கூடும். அங்ஙனம் எண்ணி அவர் கடிந்துரைத்துவிட்டால், அச்சிறுவன் அதன்பின் வண்ணத்தைத் தொடாமலே இருந்துவிடுதலும் உண்டு. அதே ஆசிரியர் கையில், அவர் பழகாத பொருளொன்றைக் கொடுத்துப் பாருங்கள்! தூரிகை பிடித்துத் தேர்ந்த கை களிமண்ணில் தடுமாறும். அருகிலிருப்பவரின் வேலையைக் கடைக்கண்ணால் பார்க்கத் தோன்றும். சிறுவனின் நிலை அப்போது அவர்க்கு விளங்கும்.

ஜெர்மனியில் ஜோசப் ஆல்பர்ஸ் என்பார் ஒருவர் இருந்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணிபுரிந்த அவர், 1920-ஆம் ஆண்டு, முப்பது வயதைக் கடந்தபின், வைமார் நகரிலிருந்த பௌஹௌஸ் என்னும் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மூன்றாண்டுகளில் அங்கேயே ஆசிரியருமானார். அவர் நடத்திய பாடம் ஒன்றை அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் எழுதி வைத்துள்ளார். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளைக் கொண்டுவந்து பங்கிட்டுக் கொடுத்தார். இத்தாள் இப்போதிருப்பதினும் சிறந்த ஒன்றாக ஆகவேண்டும், எதுவும் வீணாகக் கூடாது என்று கூறிவிட்டு வெளியே சென்றார். சில மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது முகமூடி, கோட்டை, படகு, விலங்கு எனப் பலவும் உருவாகியிருந்தன. அவற்றையெல்லாம் வேறு பொருள்களால் இன்னும் செம்மையாகச் செய்திருக்கலாமே என்றார் அவர். பின்பு, ஒருவர் ஒரு தாளை நீளவாக்கில் மடித்துத் திரைபோல் நிறுத்தியிருந்ததை எடுத்துக்காட்டினார். துவளும் தாள் மடிப்பினால் விறைப்புற்றுத் தன் மெல்லிய விளிம்பின்மேலேயே நின்றது! தாளுக்கே உரிய ஆற்றல் அதிலேதான் வெளிப்பட்டது என்பது அவர் கருத்து.

இதனை நீங்களே செய்து பார்க்கலாம். வெறும் தாளை நிறுத்தினால் சரிந்துவிடும். விசிறிபோல் மடித்து நிறுத்தினால் நிற்கும். அதன்மேல் சிறு நூலொன்றையும் வைக்கலாம். மடிப்புகள் தட்டையான தாளுக்குக் குறுக்கே ஓர் ஆழத்தைத் தருவதால், அது எளிதில் வளைவதில்லை. கூரைக்கிடும் தகடு அலையலையாக அமைந்திருப்பதும் இது பற்றியே. தாள்மடிப்புப் பயிற்சிக்குச் செலவு ஏதுமில்லை. பழைய செய்தித்தாளே போதும்.

களிமண் பட்டறையில் கற்பது வேறு. இரு துண்டுகளை இணைக்குமுன், ஒட்டுமிடத்தைக் கீறிக் களிக்குழம்பு பூச வேண்டும். வெறுமனே அழுத்தி வைத்த காது, காய்ந்ததும் கழன்று விழும். தடித்த உருவத்தின் உட்புறத்தைக் குடையாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும்; சூளையின் வெப்பத்தில் அந்நீர் ஆவியாகி விரிந்து, உருவத்தையே வெடிக்கச் செய்யும். இவற்றை நூலிற் படித்தவர் பலர். ஆயினும், இரண்டு மணி நேரம் உழைத்துச் செய்த குதிரையின் கால் கண்ணெதிரே முறிந்து விழக் கண்டவர்க்கே, அவ்வாறு நேர்ந்து அழும் குழந்தையிடம் என்ன சொல்வது என்பது தெரியும்.

மாநாடு முடிந்து ஊர் திரும்புவோரின் பையில் சொற்பொழிவுக் குறிப்புகள் அடியிலே கிடக்கும். மேலே மடித்த தாள்கள், மைக்கறை படிந்த படங்கள், துணியில் பொதிந்த களிமண் பறவை ஒன்று. அடுத்த வகுப்பில் ஆசிரியர் அதனை மேசைமேல் வைப்பார். “ஐயா, இதன் அலகு ஏன் கோணலாக இருக்கிறது?” என்று எவனேனும் ஒருவன் கேளாமல் இரான். “நான் செய்தது, எனக்கும் இதுவே முதல் முறை” என்பார் அவர். பிறகு, ஈரத்துணியால் மூடிய களிமண் தட்டு வரிசை வரிசையாக மாணவரிடம் வரும்.