தோலுக்கடியில் ஒரு பை: சீழ் பிடிக்காமல் காப்பது எப்படி?



அடுப்புத் தீயில் வெந்து, தாடை மார்போடு ஒட்டிப்போன பெண்களைக் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் நீங்கள் கண்டிருப்பீர்கள். புற்றுநோய்க்காக மார்பகத்தை இழந்த தாய்மாரையும் அறிவீர்கள். இவர்களுக்கு உதவும் ஒரு சிகிச்சையையும், அதைப் பாழாக்கும் கிருமித்தொற்றையும் பற்றி இம்முறை விளக்குகிறோம்.

கர்ப்பிணியின் வயிறு வளரும்போது தோலும் கூடவே வளர்கிறது அல்லவா? இதே இயல்பைக் கொண்டு 1957-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நியூமன், காதை இழந்த ஒருவருக்கு ரப்பர் பலூன் வைத்துத் தோலை விரியச் செய்தார். 1976-இல் செடோமிர் ரடோவன் சிலிக்கோன் பையைக் கொண்டு இம்முறையைச் செம்மைப்படுத்தினார். 'டிஷ்யூ எக்ஸ்பாண்டர்' எனப்படும் அந்தப் பையை நல்ல தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். இரண்டு மூன்று வாரங்களுக்குப் பின், ஊசி மூலம் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றுவார்கள். சில மாதங்களில் பெருகிய தோலால் தழும்பை அகற்றிய இடத்தை மூடுவார்கள்.

இந்தப் பையில் இரத்த ஓட்டம் இல்லை. கிருமிகள் அதன்மேல் படலம் கட்டிக்கொண்டால் மருந்து எளிதில் எட்டாது. பல வேளைகளில் பையையே எடுத்துவிட வேண்டியதாகும். பட்ட பாடெல்லாம் வீணாகி, மறுபடி முயல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்? கட்டுப்படாத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், அதிக உடற்பருமன், சத்துக்குறைவு உள்ளவர்களுக்கும், அவ்விடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அதிகம். தீக்காயத் தழும்பை ஒட்டிய தோலிலும், கால்களிலும் பை வைத்தால் கூடுதல் கவனம் தேவை. அறுவை நீண்டாலும், உள்ளே இரத்தமோ நீரோ தேங்கினாலும், தையலோரத் தோல் கருகினாலும், வடிகுழாய் நெடுநாள் இருந்தாலும் கிருமிக்கு வழி திறக்கும். ஒவ்வொரு முறை ஊசி குத்துவதும் ஒரு வாசல்தான்.

ஆகவே மருத்துவர்கள் முதலில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவார்கள். குறைந்தது நான்கு வாரம் புகையை நிறுத்தச் சொல்வார்கள். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக் ஊசி போடுவார்கள். வடிகுழாயில் வரும் நீர் நாளொன்றுக்கு சுமார் 30 மில்லிக்குக் குறைந்ததும் அதை எடுத்துவிடுவார்கள்.

மீதி வீட்டாரின் கையில் இருக்கிறது. "முட்டை, மீன் கொடுத்தால் புண் சீழ் வைக்கும்" என்று பத்தியம் காக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. உண்மை நேர்மாறானது, புண் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுக்கலாம். தையல் ஆறும்வரை ஊருணியில் குளிக்கக் கூடாது. மஞ்சளோ சாம்பலோ பூசக் கூடாது. கை கழுவாமல் கட்டைத் தொடக் கூடாது.

பை வைத்த இடம் சிவந்தாலும், சுட்டாலும், வலி கூடினாலும், காய்ச்சலோ கசிவோ கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே வந்தவர்களில் பலருக்குப் பையைக் காப்பாற்ற முடிகிறது. பஸ் செலவுக்குக் கையில் காசில்லாமல் தள்ளிப்போட்டால் அதை இழக்க நேரிடலாம். உங்கள் தெருவிலோ சபையிலோ இப்படி ஒருவர் இருந்தால், காய்ச்சல் கண்ட அன்றே அவரை அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு நாள் பயணம் பல மாதச் சிகிச்சையைக் காக்கும்.