மூன்றாவது வாய்ப்பு என்ற பயம்: ஜெர்மனியில் படிக்கும் நம் மாணவர்களின் தேர்வுப் பதற்றம்

ஜெர்மனிக்கு எம்.எஸ். படிக்கப் போகிறவருக்கு ஊரில் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் விசாவோடு முடிந்துவிடும். கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், ஓராண்டுச் செலவுக்கென்று பிளாக்டு அக்கவுன்ட்டில் 11,904 யூரோ, விசா அப்பாயின்ட்மென்ட், குளிருக்கு ஜாக்கெட், குக்கர், சாம்பார்பொடி. பிப்ரவரியில் முதல் தேர்வு வரும்போது என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அங்கே படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே அதிகம். 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49,483 பேர். அதில் தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரிகள் கணிசம். ஊரில் முதல் வகுப்பில் தேறியவர்கள்தான் பெரும்பாலும் போகிறார்கள். அவர்களில் பலர் முதல் செமஸ்டர் முடிவதற்குள் தூக்கம் கெட்டு, பசி கெட்டு, புத்தகத்தைத் திறக்கவே பயப்படும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். இதை மூளைக் குறைவு என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. இந்தப் பதற்றத்தில் ஒரு பங்கு விதிகள் தெரியாததால் வருகிறது. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதால் மீதி வளர்கிறது. அங்கே உதவிக்கு வழி நிறைய உண்டு. ஆனால் பல வழிகளுக்குக் கடைசித் தேதியும் உண்டு என்பதைக் காலம் கடந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அரியர் இல்லாத ஊர்

நம் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் ஒரு பேப்பர் போனால் அரியர். அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். நண்பர்கள் கிண்டல் செய்வார்கள், வீட்டில் இரண்டு நாள் திட்டு விழும், அவ்வளவுதான். போதாததற்கு இன்டர்னல் மார்க் கை கொடுக்கும்.

ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பல பாடங்களுக்கு இன்டர்னலே கிடையாது. நான்கு மாதம் வகுப்பு நடக்கும். பெரும்பாலும் வருகைப் பதிவு இல்லை, நோட்டைக் காட்டு என்று கேட்க ஆளில்லை. கடைசியில் ஒரே தேர்வு, பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம். மொத்த மதிப்பெண்ணும் அதில்தான். பல இடங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புகள் மட்டுமே. மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கம். அதே துறையை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்தில் தொடர்வதும் பொதுவாக முடியாது. விசாவும் படிப்பை ஒட்டியே இருப்பதால், ஒரு பேப்பர் ஊர் திரும்பும் டிக்கெட்டாக மாறிவிடும் என்ற அச்சம் அங்கிருந்து தொடங்குகிறது.

அச்சம் நியாயமானது. ஆனால் அதில் பாதி வாட்ஸ்அப் குழுக்களில் உருவாகிறது. ஆகன் மாணவர் சொன்னது கெம்னிட்ஸ் மாணவருக்குப் பொருந்தாது. சில பல்கலைக்கழகங்களில் வாய்ப்புக்கு எண்ணிக்கை வரம்பே இல்லை; இத்தனை செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் எடுக்க வேண்டும் என்ற கணக்கு மட்டும் இருக்கும். சில இடங்களில் எழுத்துத் தேர்வில் தவறியவருக்குத் துணை வாய்மொழித் தேர்வு உண்டு. இவையெல்லாம் ‘ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங்’ என்ற தேர்வு விதிகளில் அச்சாகியே இருக்கின்றன. துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு மாலை ஒதுக்கிப் படித்தால் போதும். எத்தனை வாய்ப்பு, பதிவு செய்த தேர்வை எந்தத் தேதிவரை ரத்து செய்யலாம், சொல்லாமல் வராமல் போனால் அது தோல்வியாகுமா, ஒருமுறை தவறினால் அடுத்த தேர்வுக்குத் தானாகவே பெயர் சேர்ந்துவிடுமா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். ஆவணம் ஜெர்மனில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, சந்தேகத்தைத் தேர்வு அலுவலகத்தில் கேளுங்கள்.

மதிப்பெண் முறையும் ஆளைக் குழப்பும். 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. ஊரில் 85 சதவீதம் வாங்கிப் பழகியவர் திரையில் 2.7 என்று பார்த்ததும் தோற்றுவிட்டதாகவே உடைந்து போகிறார். அங்கே அது ‘திருப்திகரம்’ என்ற தரம். கடினமான பாடத்தில் உள்ளூர் மாணவர்களே அந்த மதிப்பெண்ணோடு நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

உடம்பு என்ன செய்கிறது

ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கும். இதயம் வேகமெடுக்கும், கை வியர்க்கும், வயிறு கலங்கும். எதிரில் இருப்பது புலியா வினாத்தாளா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. ஓரளவு பதற்றம் நல்லதுதான். 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சுண்டெலிகளை வைத்துப் பார்த்தார்கள். கடினமான வேலையில் தூண்டுதல் ஓர் அளவுவரை உதவியது, அதைத் தாண்டியதும் திறன் சரிந்தது. மனிதர்களிடமும் பெரும்பாலும் அப்படித்தான். அளவு மீறிய கவலை, கணக்கின் இடைவிடைகளை மனதில் பிடித்து வைத்திருக்கும் ஆற்றலைத் தின்றுவிடுகிறது. ‘வீட்டில் எல்லாம் தெரிந்தது, ஹாலில் போனதும் மறந்துவிட்டது’ என்பது சாக்குப்போக்கு அல்ல.

இதோடு குளிர்காலம் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர் கடைசியில் பெர்லினில் காலை எட்டேகாலுக்கு விடிந்து மாலை நான்குக்குள் இருட்டிவிடும். வெயிலைத் திட்டியே வளர்ந்தவருக்கு இது புது அனுபவம். அறையிலேயே கிடந்தால் தூக்க நேரம் தள்ளித் தள்ளிப் போய், விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கும் பழக்கம் வந்துவிடும். மதியம் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நடப்பது சின்ன விஷயமாகத் தோன்றினாலும், தூக்கக் கடிகாரத்தைச் சரிசெய்ய அதுதான் முதல் மருந்து. மாலையில் குடிக்கும் காபியில் பாதி காஃபின் ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நெஞ்சு அடைத்து, மூச்சு முட்டி, விரல் மரத்து, ‘செத்துவிடுவேனோ’ என்று தோன்றினால் அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். பொதுவாகப் பத்து நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டுத் தானே இறங்கும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கினால் உடல் அடங்கும். முதல் முறை வரும் நெஞ்சுவலியை மட்டும் நீங்களே பதற்றம் என்று முடிவு கட்டாதீர்கள், அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள்.

ஊரிலிருந்து மெடிக்கலில் சொல்லி வாங்கிவரும் ‘டென்ஷன் மாத்திரை’ பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அல்பிரசோலம் போன்றவை அடிமையாக்கும். மந்தத்தையும் மறதியையும் தரும், தேர்வுக்கு அது எதிரி. இதயப் படபடப்புக்கான ப்ரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. நண்பர் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும் மருந்துகள் அல்ல இவை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால்

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போன ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி இரவு ரிசல்ட் வந்திருக்கிறது: 5.0. ஞாயிறு அம்மா வீடியோவில் வருகிறார். “என்ன கண்ணு, மொகமே சரியில்ல?” “தூக்கம்மா, வேற ஒண்ணுமில்ல.” “பரிச்சை எல்லாம் நல்லா எழுதுனியா?” “ம்ம்.” பின்னாலிருந்து அப்பாவின் குரல், பேங்க் மேனேஜர் போன் பண்ணினார் என்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பொதுவாக ஈடு கேட்பார்கள். வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. அப்பாவின் அந்த ஒரு வரியோடு பேச வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும்.

இப்படி மறைக்கச் சொன்ன பொய்க்குத் துணையாக அடுத்த பொய் தேவைப்படுகிறது. இரண்டாம் பேப்பர் போனால் அதையும் மறைக்க வேண்டும். மாணவர்கள் தங்கும் அறைகளில்தான் சக மாணவர் வேலை கிடைத்த செய்தியை லிங்க்ட்இன்னில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மற்றவர் சாப்பிடாமல் படுக்கிறார். எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அக்காவோ, சித்தப்பாவோ, ஒரு வருடம் சீனியரோ, ஒரே ஒருவருக்கு உண்மையான மதிப்பெண் தெரிந்திருந்தால் போதும்.

ஒதுங்கினால் பயம் கூடும்

மின்னஞ்சலைத் திறக்காமல் விடுவது, ‘இன்னும் தயாராகவில்லை’ என்று தேர்வைத் தள்ளிக்கொண்டே போவது, பேராசிரியரைக் கண்டால் வேறு வழியில் போவது. ஒதுங்கியதும் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதிதான் மறுபடி ஒதுங்கச் சொல்கிறது. மனநலச் சிகிச்சையில் இந்தச் சங்கிலியை உடைப்பதே பெரிய வேலை.

அதற்கு நல்ல இடம் ‘ஐன்ஸிஷ்ட்’. திருத்திய விடைத்தாளை நேரில் பார்க்க ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் ஒரு நாள் ஒதுக்குகின்றன. தோற்றவர்கள்தான் போக வேண்டும், ஆனால் வெட்கப்பட்டுப் போகாதவர்களும் அவர்கள்தான். மேசையில் உங்கள் விடைத்தாள் இருக்கும், ஓரத்தில் கேள்விவாரியாகப் புள்ளிகள், எதிரில் ஓர் உதவியாளர். பலருக்கு அங்கேதான் தெரியவரும்: பாடம் தெரியாமல் போகவில்லை, ‘காரணம் கூறுக’ என்ற கேள்விக்கு விடையை மட்டும் எழுதிவிட்டு வந்திருக்கிறோம் என்று. ‘எனக்கு ஒன்றும் வராது’ என்ற மொத்தப் பயம் ‘மூன்றாம் கேள்வி மாதிரியில் பலவீனம்’ என்று சுருங்கினால், அதற்கு வைத்தியம் செய்யலாம்.

படிப்பு முறையும் மாற வேண்டும். ஸ்லைடுகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது தைரியம் தரும், நினைவு தராது. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து முந்தியவர்கள், புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்கள். துறை மாணவர் மன்றத்தில் பழைய வினாத்தாள்கள் கிடைக்கும். கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். தேர்வுக்குப் பத்து நிமிடம் முன்பு மனதில் ஓடும் பயங்களை ஒரு தாளில் எழுதிக் கொட்டுவது சிலருக்கு உதவுகிறது என்று 2011இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வொன்று காட்டியது. எல்லோருக்கும் பலிக்காது, முயன்று பார்ப்பதில் நட்டமும் இல்லை.

விலகுவதற்கும் முறை உண்டு

குறித்த தேதிக்குள் பதிவை ரத்து செய்தால் பெரும்பாலான இடங்களில் வாய்ப்பு குறையாது. தேதி தாண்டியபின் உடல்நிலை, மனநிலை எதுவானாலும் மருத்துவச் சான்று வேண்டும். தேர்வு நாளன்றோ அதற்கு முன்போ மருத்துவரைப் பார்த்து, தாமதிக்காமல் தேர்வு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எழுதி முடித்து, ரிசல்ட் பார்த்துவிட்டு ‘அன்று எனக்கு முடியவில்லை’ என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். நீண்ட நாள் சிரமம் என்றால் ஒரு செமஸ்டர் விடுப்பு எடுக்கலாம். அது விசாவையும் பகுதிநேர வேலையையும் எப்படிப் பாதிக்கும் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாள்பட்ட மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சான்றின்பேரில் கூடுதல் நேரம் போன்ற சலுகையும் உண்டு.

யாரிடம் போவது

ஒவ்வொரு பல்கலைக்கழக நகரத்திலும் ‘ஸ்டுடியரெண்டன்வெர்க்’ என்ற மாணவர் நல அமைப்பு இருக்கிறது. மதிய உணவுக்குப் போகும் மென்சாவையும் விடுதியையும் நடத்துவது அதுதான். பல ஊர்களில் உளவியல் ஆலோசனையும் தருகிறது. பெரும்பாலும் இலவசம், பல மையங்களில் ஆங்கிலத்தில் பேசலாம். அங்கே சொன்னால் விசா போய்விடும் என்ற வதந்தியை நம்பாதீர்கள். ஆலோசகர்கள் ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்டவர்கள். பேராசிரியருக்கோ, விசா அலுவலகத்துக்கோ, பெற்றோருக்கோ தகவல் போகாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, வகுப்புக்கே போக முடியாத பயம் என்று நீடித்தால் ஆலோசனையோடு சிகிச்சையும் தேவைப்படலாம். அரசு மருத்துவக் காப்பீடு உளச்சிகிச்சைச் செலவை ஏற்கும், ஆனால் சிகிச்சையாளர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். 116117 என்ற எண்ணில் முதல் கலந்தாய்வுக்கு நேரம் வாங்கலாம். 30 வயதைத் தாண்டித் தனியார் காப்பீட்டில் இருப்பவர்கள், அதில் மனநலம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; மலிவான திட்டங்கள் பலவற்றில் இருக்காது. வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கவே கூடாது. 112, அல்லது 0800 1110111 என்ற இலவச நெருக்கடி உதவி எண்ணை அழையுங்கள். பிந்தையதில் பெரும்பாலும் ஜெர்மனில் பேசுவார்கள். மொழி தடையானால் பக்கத்து அறை நண்பரை எழுப்புங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

‘எத்தனை பேப்பர் முடிஞ்சுது, வேலை எப்போ கிடைக்கும்’ என்று ஒவ்வொரு அழைப்பிலும் கேட்காதீர்கள். பேப்பர் போனாலும் வீட்டில் சொல்லலாம் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்துச் சும்மா இருக்க வேண்டாம். கடன் கணக்கைப் பற்றி வங்கியோடு நீங்கள் பேசுங்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கட்டத் தேவையில்லை என்பதைப் பிள்ளையும் அறிந்திருக்கட்டும். பிள்ளையின் பேச்சில் மாற்றம் தெரிந்து, என்ன செய்வதென்று புரியாவிட்டால் இந்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

மாணவர்களுக்கு: அடுத்த தேர்வுப் பதிவை ரத்து செய்யக் கடைசி நாள் எது என்று இன்றே பார்த்து செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசனை மையத்தில் சில வாரக் காத்திருப்பு இருக்கும் என்பதால், பிப்ரவரிப் பதற்றத்துக்கான மின்னஞ்சலை டிசம்பரிலேயே அனுப்பிவிடுங்கள்.