உனக்குக் கலை, எனக்குக் கூப்பிடுற சத்தம்

ஏப்ரல் 14-க்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் காலனியில் விழாக் கமிட்டி கூடியது. கொடி, பேனர், சாப்பாடு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் என்று எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சாயங்காலம் என்ன நிகழ்ச்சி வைப்பது என்பதில்தான் இரவு 11 மணி ஆனது.

கல்லூரிப் பையன்கள் பறையாட்டக் குழுவை அழைக்க வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவன் பயிற்சி முகாமில் பத்து நாள் தங்கிக் கற்று வந்தவன். நடுவயதுக்காரர்கள் பாட்டுக் கச்சேரி போதும் என்றார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து, ‘பிள்ளைங்க டான்ஸ் வைங்க, அதுக்குத்தான் கூட்டம் வரும்’ என்று ஒரு குரல். அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த என் அப்பா எழுந்தார். அவருக்கு வயது 76.

“பறை வேண்டாம்ப்பா.”

“ஏன் தாத்தா? அது நம்ம கலைதானே?”

“உனக்குக் கலை. எனக்கு அது கூப்பிடுற சத்தம்.”

கமிட்டியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையன்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஊரில் சாவு விழுந்தால் ஆள் வருவான். வாசலுக்கு வெளியே நின்று அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடுகிறவனுக்கு என் அண்ணன் வயதுதான் இருக்கும். அப்பா சாப்பிட்டுக் கொண்டிருந்தாலும் கையைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். காய்ச்சல் என்று சொல்ல முடியாது. பிணம் எடுக்கும்வரை வெயிலோ மழையோ தெருவில் நின்று அடிக்க வேண்டும். கூலி என்பது அவர்கள் பார்த்துக் கொடுப்பது.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் எங்கள் தெரு மொத்தமும் கூடி, இனி யாரும் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அடுத்த நாளிலிருந்து ஊரில் யாருக்கும் வேலை இல்லை. அம்மா களையெடுக்க ஆறு மைல் நடந்து வேற்றூருக்குப் போனார். அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் அப்பா பறையின் தோலைப் பிரித்து எறிந்துவிட்டு, சட்டத்தை அடுப்பில் வைத்தார். வேப்பங்கட்டை, நன்றாக எரிந்தது.

அந்த மனிதரிடம் போய், ‘அது நம்ம கலை’ என்று சொல்வதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சொல்லிக் கொண்டிருப்பவனே நான்தான். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் மேடைக்கு மேடை இதைப் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையும் ஒன்று என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதை எடுத்துச் சொல்வேன். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்ததைச் சொல்வேன். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது கண்ணில் நீர் வர இனிப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். இவை எதிலும் பொய் இல்லை. இழிவு என்று சுமத்தப்பட்டதை எடுத்துப் பெருமையாக்கிக் காட்டியது பெரிய அரசியல். ஆனால் இருபது வருஷமாக நான் பேசிய ஒரு கூட்டத்துக்கும் அப்பா வந்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்று இரவுதான் அது எனக்கு உறைத்தது.

சரி, அப்பாவுக்கு என்னதான் பிடிக்கும்? நாதஸ்வரம். சிறு வயதிலிருந்தே பைத்தியம். சாமி புறப்பாட்டின்போது தேரடித் தெருவுக்குள் எங்கள் ஆட்களை விடமாட்டார்கள். களத்து மேட்டில், வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று கேட்பாராம். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை எத்தனை முறை பார்த்தார் என்று அவருக்கே கணக்கு இல்லை. சிவாஜிக்காக இல்லை, அந்தப் படத்துக்கு நாதஸ்வரம் வாசித்த மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுக்காக. ஒருமுறை எங்கள் தோழர் ஒருவர் வீட்டுக்கு வந்தவர், “ஐயா, உங்களை உள்ளே விடாதவங்களோட இசையை இப்படி ரசிக்கிறீங்களே?” என்று கேட்டுவிட்டார். அப்பா, “என்னைத்தான் விடல. சத்தத்தை எவன் நிறுத்த முடியும்?” என்றார்.

ரசனை என்பது அவரவர் மனசு, அதில் வாதம் எதற்கு என்று சிலர் சொல்வார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு அப்படி நினைக்கவில்லை. 1960-களில் 1,217 பேரிடம் எந்த இசை பிடிக்கும், எந்தப் படம் அழகு என்று கேட்டுத் தொகுத்து, 1979-இல் ‘டிஸ்டிங்ஷன்’ என்ற புத்தகமாக எழுதினார். துள்ளலான ‘புளூ டான்யூப்’ தொழிலாளர்களுக்குப் பிடித்திருந்தது. பாக்கின் நுணுக்கமான கீபோர்டு இசை பல்கலைக்கழக ஆசிரியர்களுக்குப் பிடித்திருந்தது. மரப்பட்டையை, முட்டைக்கோஸை நல்ல புகைப்படமாக எடுக்க முடியுமா என்று கேட்டால், படித்தவர்கள்தான் அதிகமாக முடியும் என்றார்கள். நிலபுலன் போலவே ரசனையும் வீட்டிலிருந்தும் படிப்பிலிருந்தும் கைமாறி வருகிறது, அதை வைத்தே ஒருவரை ஒருவர் மட்டம் தட்டிக்கொள்கிறோம் என்பது அவருடைய வாதம். நம் ஊருக்குச் சாதியையும் சேர்த்துக்கொண்டால் முக்கால்வாசி பொருந்தும். மிருதங்கத்தில் பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல் மூன்றும் இருக்கின்றன. அதற்குச் சபா மேடை. பறையிலும் தோல்தான், அதற்குத் தெரு. இதற்கு ஸ்வரம் காரணம் இல்லை. ஆனால் மீதிக் கால்வாசி இருக்கிறதே, வைக்கோல் போருக்குப் பின்னால் நின்ற என் அப்பா, அவரைப் பூர்தியுவின் கணக்கில் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதே நேரத்தில் வீட்டில் இன்னொரு வழக்கு. என் அக்கா மகள் கவின்கலைக் கல்லூரியில் கடைசி வருஷம். எங்கள் தெருவிலிருந்து ஓவியம் படிக்கப் போன முதல் ஆள். ஆண்டு இறுதிக் கண்காட்சியில் அவள் வைத்திருந்தவை ஏழு கேன்வாஸ்கள். எதிலும் ஆளில்லை, மரமில்லை, வீடில்லை. பழுப்பு மேல் பழுப்பு, அதன் மேல் கறுப்பு, ஒரு ஓரத்தில் கத்தியால் சுரண்டிய மாதிரி வெளிர் மஞ்சள். அரூப ஓவியம் என்பார்கள். உருவத்தைக் காட்டாமல் நிறத்தையும் கோட்டையும் மட்டும் வைத்துப் பேசுவது. இயக்கத் தோழர்கள் நான்கு பேரை நான்தான் பெருமையாக அழைத்துப் போனேன். சுற்றிப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: “நல்லா இருக்கும்மா. ஆனா இதுல நம்ம மக்கள் எங்க?”

அவள் பதில் சொல்லவில்லை. பேருந்தில் திரும்பும்போது என்னிடம் கேட்டாள்: “மாமா, பக்கத்து அறையில ஒரு பையன் நீலத்துல ஒரு சதுரம் போட்டு வச்சிருந்தானே, அவன்கிட்ட யாராவது ‘உங்க மக்கள் எங்க’ன்னு கேட்டாங்களா? அவன் போட்டா தேடல். நான் போட்டா மட்டும் அழுகிற முகம் இருக்கணுமா?”

அவள் கேட்டது எங்களையும்தான். எங்கள் பிள்ளைகள் எழுதினால் வலி, வரைந்தால் வலி, பாடினால் வலி என்று எதிர்பார்ப்பது வெளி உலகம் மட்டுமில்லை, நாங்களும்தான். வலியைச் சொல்ல வேண்டியது இருக்கிறது, நிறைய இருக்கிறது. அதற்காக ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் பழுப்பு நிறத்தோடு ஒரு வருஷம் மல்லுக்கட்ட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா? அந்த ஓவியம் எனக்குப் பிடித்ததா என்பது வேறு கேள்வி. உண்மையைச் சொன்னால் ஏழில் இரண்டு பிடித்தன. மற்றவை என்னோடு பேசவில்லை. அதை அவளிடமே சொன்னேன். அவளுக்குக் கோபம் வரவில்லை. எந்த இரண்டு என்றுதான் கேட்டாள்.

‘புரியாத ஓவியம் நம்ம ஜனங்களுக்கு எதற்கு’ என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் சிக்குக் கோலத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. பறைக்கே வருவோம். ஒத்தையடி, சாமிச்சாற்று, மருளாட்ட அடி, சாவு அடி என்று எத்தனை அடி இருக்கிறது. ஒன்றிலும் சொல் கிடையாது. வெறும் இரண்டு குச்சி, ஒரு தோல். கேட்கிறவன் உடம்பு ஆடுகிறது, அல்லது உள்ளே எதுவோ நடுங்குகிறது. உருவம் இல்லாத கலை நமக்கு அந்நியம் என்று எப்படிச் சொல்வது?

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற பெயரில் அவர் வரைந்த வரிசையில் கேன்வாஸ் முழுக்க எழுத்து மாதிரி, ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். படிக்க முயன்றால் படிக்க முடியாது. அவற்றை அச்சில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பாட்டி நினைவுதான் வந்தது. கைநாட்டு வைத்தவர். கடன் பத்திரத்தைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு எழுத்து என்பதே அப்படித்தான் இருந்திருக்கும்: அழகான, பயமுறுத்துகிற, தன் நிலத்தைத் தின்னக்கூடிய கோடுகள். பணிக்கர் எங்கள் பாட்டியை நினைத்து வரையவில்லை. நான் அப்படிப் பார்த்தேன். அதற்கு அந்த ஓவியத்தில் இடம் இருந்தது.

ஆதிமூலம் பெயரை மாணவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கி.ரா.வின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்குக் கோட்டோவியம் போட்டவர். திருச்சி மாவட்டத்துக் கிராமத்துக்காரர். காந்தியைக் கோடுகளில் வரிசை வரிசையாக வரைந்து பெயர் பெற்றவர், பிற்காலத்தில் வண்ண ஓவியங்களில் உருவங்களை விட்டுவிட்டு நிறங்களுக்குள் போய்விட்டார். பழைய கோடுதான் நன்றாக இருந்தது என்கிற ரசிகர்கள் இன்றும் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் ஒரு ஓவியர் போன இடத்துக்கு நான் போக முடியவில்லை என்றால், அவர் தப்பான இடத்துக்குப் போய்விட்டார் என்று ஆகிவிடாது.

இசையிலும் அப்படித்தான். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது நம் மண்ணின் இசை என்று கொண்டாடினோம். பத்து வருஷம் கழித்து, 1986-இல், இளையராஜா ‘ஹௌ டு நேம் இட்’ என்று ஒரு தொகுப்பு போட்டார். படம் இல்லை, வயலின்களை முன்னிறுத்திய வாத்திய இசை. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. எந்தச் சிமிழிலும் அவரை நான் அடைக்க வரவில்லை, அவருக்கும் அது பிடிக்காது. பண்ணைப்புரத்திலிருந்து வந்தவர் பண்ணைப்புரத்தை மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று விதித்திருந்தால் அந்த இசை நமக்குக் கிடைத்திருக்காது, அவ்வளவுதான். யாருக்காகக் கமிட்டி கூட்டினோமோ அந்த அண்ணல் அம்பேத்கரே பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டவர். அது யாருடைய வாத்தியம் என்று அவர் பார்க்கவில்லை. பிடித்திருந்தது, எடுத்தார்.

அக்கா மகள் ஒரு கேன்வாஸை ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

“சுண்ணாம்புல ஊறப்போட்ட தோல் மாதிரி இருக்கு.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. எதை விட்டு வெளியே வர இவ்வளவு பாடுபட்டாளோ அதையே தாத்தாவும் கண்டுவிட்டார். “அது தோல் இல்ல தாத்தா. எதுவும் இல்ல. நிறம்.” அப்பா தலையாட்டினார். “சரி, நிறம்தான். ஆனா நடு வீட்டுல மாட்டாத.” இருவரும் அதோடு விட்டுவிட்டார்கள். கேன்வாஸ் இப்போது திண்ணையில், நெல் மூட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது.

விழாவுக்குக் கமிட்டி கையெண்ணிக்கை வைத்தது. பறை ஜெயித்தது. நானும் பறைக்குத்தான் கை தூக்கினேன். அப்பா அதைப் பார்த்தார். அன்று சாயங்காலம் குழு வந்திறங்கியதும் அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிழற்குடைப் பக்கம் போய்விட்டார். அக்கா மகளும் கூடப் போனாள். தெருவே அதிர்ந்தது. சின்னப் பெண் பிள்ளைகள்கூட இறங்கி ஆடினார்கள். நான் பேசிவிட்டு, எல்லாம் முடிந்தபின் அப்பாவைத் தேடிப் போனேன்.

“ஏன்டா, அது தோலே இல்லையே?” என்றார் பார்த்ததும்.

“ஆமாப்பா. இப்பல்லாம் பைபர். காய்ச்ச வேண்டியதில்ல.”

“அதான். சத்தம் தகரமா வருது. ரெண்டாவதா நின்னவன் வேற, திரும்புற இடத்துல பிந்துறான்.”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “இதுல சிரிக்க என்ன இருக்கு? அடுத்த வருஷம் மேளம் வைங்க” என்றார்.

கமிட்டியில் சொல்லிவிட்டேன். ஒரு செட் நாதஸ்வரம், தவிலுக்கு என்ன கேட்பார்கள் என்று பையன்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.