இல்லம் புகுந்த அலுவலகமும் இணையக் காவலும்

‘அலுவலகம்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அலுவல், அகம் என இரு சொற்கள் கிடைக்கும். அகம் என்பதற்கு உள்ளம், உள்ளிடம், வீடு எனப் பொருள்கள் உண்டு. அலுவலுக்கென ஓர் அகம், வாழ்வதற்கென மற்றோர் அகம் என இரண்டாகப் பிரிந்திருந்த நகர வாழ்க்கை, 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக ஒரே அகத்திற்குள் ஒடுங்கியது. அவ்வாண்டு மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் நடைபெற்ற பணி, சிற்றூர் வீடுகளின் கூடத்திற்கும் மாடியறைக்கும் வந்து சேர்ந்தது. பெருந்தொற்று தணிந்த பின்னரும் அம்முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. வாரத்தில் சில நாள் அலுவலகத்திலும் சில நாள் இல்லத்திலும் பணிபுரியும் கலப்புப் பணிமுறை பல நிறுவனங்களில் நிலைபெற்றுவிட்டது.

இம்மாற்றத்தால் பணியிடம் பெற்றது யாது, இழந்தது யாது, அலுவலக வாயிலில் நின்ற காவல் எங்கே சென்றது என்னும் வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் மாணவருள் பலர் நாளை இத்தகைய பணிகளுக்குச் செல்லவிருப்பவர்கள். அவர்தம் பெற்றோரின் இல்லங்களே அவர்களுக்கு அலுவலகங்களாகவும் அமையக்கூடும். ஆதலின் இது கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று.

கருத்தும் நடைமுறையும்

இல்லத்தில் இருந்தவாறே தொழில் செய்தல் நம் மண்ணுக்குப் புதிதன்று. கைத்தறி நெய்வோரும் பாய் முடைவோரும் பீடி சுற்றுவோரும் நெடுங்காலமாக இல்லத்தையே தொழிற்கூடமாகக் கொண்டு வாழ்பவர்களே. ஆனால், அலுவலகப் பணியையே தொலைத்தொடர்புக் கருவிகளின் துணையால் இல்லத்திற்குக் கொண்டுசெல்லலாம் என்னும் கருத்துக்கு ‘டெலிகம்யூட்டிங்’ எனப் பெயர் சூட்டியவர் ஜாக் நில்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். ஆண்டு 1973. நகரச் சாலைகளின் நெரிசலைக் குறைக்க, பணியாளரைப் பணியிடத்திற்குக் கொண்டுவருவதினும் பணியைப் பணியாளரிடம் கொண்டுசெல்வதே எளிது என்பது அவர்தம் எண்ணம்.

இந்தியாவில் சட்டம் இதற்கு எளிதில் இடந்தரவில்லை. பி.பி.ஓ. நிறுவனங்கள் தம் ஊழியரை வீட்டிலிருந்து பணிபுரியச் செய்ய வேண்டுமாயின் அரசுக்கு வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டியிருந்தது. 2020 மார்ச்சில் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்ட அவ்விதியைத் தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பர் 5இல் வெளியிட்ட புதிய நெறிமுறைகள் நீக்கின. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனமோ, 2025ஆம் ஆண்டிற்குள் தன் ஊழியருள் 25 விழுக்காட்டினர் மட்டும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்னும் திட்டத்தை 2020 ஏப்ரலில் அறிவித்தது. அந்நிறுவனமே 2023 அக்டோபர் முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வருமாறு ஊழியரைப் பணித்தது. இவ்விரு அறிவிப்புகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், இச்சிக்கலுக்கு ஒருவரியில் விடை கூற இயலாது என்பது விளங்கும்.

பெற்றதும் இழந்ததும்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் புளூம், ஷாங்காய் நகரில் இயங்கும் சிட்ரிப் என்னும் பயண நிறுவனத்தில் 2010–11ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வினை நிகழ்த்தினார். தொலைபேசி வழிச் சேவை செய்யும் ஊழியருள் விரும்பியோரைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும் மற்றவரை அலுவலகத்திலிருந்தும் ஒன்பது திங்கள் பணிபுரியச் செய்தனர். வீட்டிலிருந்தோரின் பணித்திறன் 13 விழுக்காடு உயர்ந்தது; வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது. ஆயினும், ஒத்த திறனுடையோரோடு ஒப்பிடுகையில் அவர்கள் பதவி உயர்வில் பின்தங்கினர். ஆய்வு முடிந்ததும் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்திற்கே திரும்ப விரும்பினர். தனிமை அவர்களை வருத்தியதே அதற்கு முதன்மையான காரணம் என்பது கருதத்தக்கது.

அதே நிறுவனத்தில் 1,612 ஊழியரிடையே 2021–22இல் நிகழ்த்தப்பெற்று 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, வாரத்தில் இருநாள் மட்டும் வீட்டிலிருந்து பணிபுரிவதால் திறன் குறையவில்லை என்றும், விலகுவோர் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றும் காட்டியது. பெண்களும் நெடுந்தொலைவு பயணம் செய்வோரும் இதனால் மிகுதியும் பயனுற்றனர். கலப்புமுறைக்கு இது வலுவான சான்றாகும்.

இழப்பின் பக்கத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் அறுபத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியரின் தகவல் தொடர்பைக் கொண்டு செய்யப்பெற்று 2021இல் வெளியான ஆய்வு உணர்த்துகிறது. அனைவரும் தொலைவிலிருந்து பணிபுரிந்தபோது தத்தம் குழுவிற்குள் தொடர்பு இறுகியது. குழுவிற்கும் குழுவிற்கும் இடைப்பட்ட தொடர்போ தளர்ந்தது. பழையவர்களுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாமற் போகலாம். புதிதாகச் சேர்ந்தவர்க்கு நிலை வேறு. அவர்கள் தொழிலைக் கற்பது பெரும்பாலும் அருகிலிருப்போரைப் பார்த்தே ஆகும். ‘அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று கேட்க அடுத்த நாற்காலியில் ஆளில்லாத அலுவலகமே அவர்களுக்கு வாய்த்தது. இந்த இழப்பிற்கும் இனி நாம் காணவிருக்கும் இணையப் பாதுகாப்பிற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இடம்பெயர்ந்த காவல்

பழைய அலுவலகத்தின் கணினிப் பாதுகாப்பு, மதிலும் அகழியும் சூழ்ந்த கோட்டையை ஒத்தது. உள்ளே இருப்பவர் நம்பத்தக்கவர், வெளியே இருப்பவர் ஐயத்திற்குரியவர் என்பதே அதன் அடிப்படை. வாயிலில் அடையாள அட்டையைப் பார்க்கும் காவலரும், கணினி வலையமைப்பின் எல்லையில் வருவதையும் போவதையும் சோதிக்கும் ‘ஃபயர்வால்’ அமைப்பும் அக்கோட்டையைக் காத்தன. ஊழியர் அனைவரும் ஒரே நாளில் மதிலுக்கு வெளியே சென்றபோது, கோட்டைக்குள் வர அவர்களுக்கு ஒரு சுருங்கை தேவைப்பட்டது. ‘வி.பி.என்.’ எனப்படுவது அதுவே. பொது இணையத்தின் ஊடே, பிறர் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்து அமைக்கப்படும் தனிவழி அது. வழி மறைவானது என்பது மெய்யே. ஆனால் அதன் வாயிலில் நிற்பவர் உண்மையான ஊழியர்தாமா என்பதை வழி அறியாது.

இதன் விளைவை 2021 மே 7இல் அமெரிக்கா கண்டது. ஏறத்தாழ 8,850 கிலோமீட்டர் நீளமுள்ள கொலோனியல் பைப்லைன் என்னும் எரிபொருட் குழாய்த்தொடர் ஐந்து நாள் நின்றுபோயிற்று. பயன்பாட்டில் இருந்திருக்க வேண்டாத பழைய வி.பி.என். கணக்கு ஒன்றின் கடவுச்சொல்லைக் கொண்டே கொள்ளையர் உட்புகுந்தனர். அக்கடவுச்சொல் எளிதில் ஊகிக்கத்தக்கதன்று என நிறுவனத் தலைவர் செனட் குழுமுன் கூறினார். ஆயினும் கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் அக்கணக்கிற்கு இல்லை. நிறுவனம் 75 பிட்காயினை, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 44 இலட்சம் டாலரைப் பணயத்தொகையாகச் செலுத்தியது. அதில் ஒரு பகுதியையே அரசு பின்னர் மீட்டது.

ஏமாற்றப்படுவது எந்திரம் மட்டுமன்று. 2020 ஜூலை 15இல் ட்விட்டர் நிறுவனத்தில் நிகழ்ந்ததை நோக்குவோம். அந்நிறுவன ஊழியர் வீட்டிலிருந்து பணிபுரிந்த காலம் அது. வி.பி.என். இணைப்பில் அடிக்கடி இடையூறு ஏற்படுவது இயல்பாகியிருந்தது. அதனை அறிந்த ஏமாற்றுக்காரர், நிறுவனத்தின் கணினி உதவிப்பிரிவிலிருந்து பேசுவதாகக் கூறித் தொலைபேசியில் அழைத்து, உண்மையானதைப் போன்றே தோன்றிய போலித் தளத்தில் ஊழியரின் கடவுச்சொல்லைப் பதியச் செய்தனர். இரண்டாவது சரிபார்ப்பையும் ஊழியரைக் கொண்டே முடித்துக்கொண்டனர். பராக் ஒபாமா, பில் கேட்ஸ் முதலியோரின் கணக்குகள் உள்ளிட்ட 130 கணக்குகள் குறிவைக்கப்பட்டன. ஒரு குரலை நம்பியதே இதற்கு வாயிலாயிற்று.

வீட்டுக் கணினியே வாயிலானதும் உண்டு. கடவுச்சொற்களைக் காத்துத் தருவதையே தொழிலாகக் கொண்ட லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் 2022இல் நிகழ்ந்தது இது. நிறுவனத்தின் முதன்மையான திறவுகோல்களை அணுக நான்கு பொறியாளர்க்கு மட்டுமே உரிமை இருந்தது. அவர்களுள் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த, படமும் பாட்டும் இயக்கும் மென்பொருளின் குறைபாட்டைப் பயன்படுத்திப் பகைவர் உட்புகுந்து, அவர் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் நிரலை நிறுவினர். பொழுதுபோக்கிற்கான மென்பொருள் ஒன்று, வாடிக்கையாளரின் மறையாக்கப்பட்ட பெட்டகங்களின் படிகள் களவு போவதற்கு வழியாகிவிட்டது.

குரலையும் கருவியையும் கடந்து முகமும் போலியாகும் காலம் இது. ஹாங்காங்கில் அரூப் என்னும் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், மறைவான பணப்பரிமாற்றம் பற்றிய மின்னஞ்சலைக் கண்டு முதலில் ஐயுற்றார். பின்னர்க் காணொலிக் கூட்டத்தில் மேலதிகாரியையும் உடன்பணிபுரிவோரையும் கண்டதும் அவர்தம் ஐயம் நீங்கிற்று. 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அவர் அனுப்பினார். திரையில் தோன்றிய முகங்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். இச்செய்தி 2024இல் வெளியாயிற்று.

சரிபார்த்தலும் நம்பிக்கையும்

மதில் இல்லாதபோது ஒவ்வொரு கதவிலும் காவல் வேண்டும் என்பதே இன்றைய பாதுகாப்புக் கொள்கை. ‘ஜீரோ டிரஸ்ட்’ என வழங்கும் இதனை 2010இல் ஜான் கிண்டர்வாக் முன்வைத்தார். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் இதற்கு முறையான வரையறை வகுத்தது. உள்ளே இருக்கிறார் என்பதற்காகவே ஒருவரை நம்பிவிடாமல், யார், எந்தக் கருவியிலிருந்து, எதனைக் கேட்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் சோதித்து, வேண்டிய அளவிற்கு மட்டும் இசைவு தருதல் இதன் சாரம். பெயரைக் கேட்டதும் இஃது ஊழியரை இழிவுசெய்வது போலத் தோன்றலாம். மூன்றாண்டு தம் வகுப்பில் அமர்ந்த மாணவனாயினும் தேர்வுக்கூடத்தில் அவனது நுழைவுச்சீட்டைக் கண்காணிப்பாளர் வாங்கிப் பார்க்கிறார். அதனால் மாணவனுக்கு இழிவும் இல்லை. ஆசிரியர்க்கு அவன்மேல் அன்பின்மையும் இல்லை. முறை என்பது அது.

ஆனால் சரிபார்த்தல் வேறு, ஒற்றாடல் வேறு. ஊழியர் இல்லத்தில் என்ன செய்கிறார் என நொடிதோறும் கண்காணிக்கும் மென்பொருள்களும் இக்காலத்தில் பெருகியுள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பணித்திறன் மதிப்பீட்டுக் கருவியில் ஊழியரின் பெயரோடு செயற்பாட்டைக் காட்டியபோது கண்டனம் எழுந்தது. 2020 டிசம்பரில் அந்நிறுவனம் பெயர்களை நீக்கியது. அக ஒழுக்கத்தைப் பாடுங்கால் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று தொல்காப்பியம் வகுத்த விதி இங்கு நினைக்கத்தக்கது. அகத்தில் நிகழ்வது அம்பலத்திற்கு உரியதன்று என்னும் நாகரிகம் நம் இலக்கணத்திற்கு இயல்பானது. அலுவலகம் இல்லம் புகுந்தது என்பதற்காக இல்லம் அலுவலகத்திற்கு அடிமையாகிவிடலாகாது.

நாம் செய்யத்தக்கன

இல்லத்தார் மேற்கொள்ளத்தக்க காவல்கள் கடினமானவை அல்ல. அலுவலக மடிக்கணினியைப் பிள்ளைகளின் விளையாட்டிற்கோ உறவினரின் தேவைக்கோ தருதல் கூடாது. வைஃபை ரூட்டருடன் வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடல் வேண்டும். கணினியும் கைப்பேசியும் கேட்கும் மென்பொருட் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடலாகாது. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தாமல், இரட்டைச் சரிபார்ப்பு உள்ள இடமெல்லாம் அதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்பினும் சொல்லலாகாது. பணமோ கடவுச்சொல்லோ கேட்டு அழைப்பு வருமாயின், பேசுபவர் மேலதிகாரியே ஆயினும் அழைப்பைத் துண்டித்து, நாம் முன்னரே அறிந்த எண்ணில் நாமே மீண்டும் அழைத்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவையனைத்தினும் தலையாயது மற்றொன்று உண்டு. பிழை நேர்ந்தவுடன் அதனை மறையாது கூறுதலே அது. நேரம் இங்குப் பெரும்பொருள். சில வகை இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை, அறிந்த ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என நிறுவனங்களுக்கு ‘செர்ட்-இன்’ அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் ஆணையிட்டது. பண மோசடிக்கு உள்ளானோர் விரைந்து அழைப்பதற்கென்றே 1930 என்னும் எண் நாடு முழுவதும் இயங்குகிறது. நிறுவனம் ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டுமாயின், ஊழியர் ஆறு நிமிடத்திற்குள் வாய்திறக்க வேண்டாவா? ஆனால் பணியில் சேர்ந்து ஒரு திங்களே ஆன இளைஞர், தன்னந்தனியே ஓர் அறையில் அமர்ந்து, தவறான இணைப்பு ஒன்றை அழுத்திவிட்டால், வேலை போய்விடுமோ என்னும் அச்சத்தால் வாய்மூடி இருந்துவிடுதல் இயல்பு. பகைவர்க்கு வேண்டுவதும் அந்த மௌனமே.

அலுவலகத்தை விட்டு வெளியேறியபோது நாம் மதிலை மட்டும் இழக்கவில்லை. ‘இந்த மின்னஞ்சல் மெய்தானா?’ என்று தயங்காமல் கேட்பதற்கு அடுத்த நாற்காலியில் இருந்த மனிதரையும் இழந்தோம். எந்த ஃபயர்வாலினும் சிறந்த காவலாக அவர் இருந்தார். தொலைவிலிருந்து பணிபுரியச் செய்யும் நிறுவனங்கள் விலையுயர்ந்த மென்பொருளை வாங்குவதோடு அமையாமல், அந்த அடுத்த நாற்காலியை மீண்டும் அமைத்துத் தருதல் வேண்டும். எந்நேரமும் கேட்கத்தக்க ஒருவரையும், கேட்டதற்காக எள்ளாத ஒரு மரபையும், பிழையை ஒப்புக்கொண்டவரைத் தண்டிக்காத ஒரு நெறியையும் ஏற்படுத்தல் அவற்றின் கடமையாகும். மாணவச் செல்வங்கள் ஐயம் தோன்றியபோது கேட்பதற்கு நாணாத பண்பினை வகுப்பறையிலேயே பழகிக்கொள்வாராயின், அதுவே நாளை அவர்தம் இல்லத்திற்கும் அலுவலகத்திற்கும் ஒருங்கே காவலாக நிற்கும்.